வயிற்றின் மேல் வரைந்த பள்ளம்

1992-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில் வட கரோலினா பல்கலைக்கழகம். ஒரு கர்ப்பிணி படுத்திருக்க, அவர் வயிற்றின் மேல் அல்ட்ராசவுண்ட் கருவி மெல்ல நகர்கிறது. பார்ப்பவரின் தலையில் கனமான கவசம். அதில் ஒரு கேமரா, கண்ணுக்கு முன்னால் குட்டித் திரைகள். ஸ்கேன் படம் வழக்கமாகப் பக்கத்திலிருக்கும் டிவியில் தெரியும். இங்கே அது அந்தப் பெண்ணின் வயிற்றிலேயே, எந்த இடத்திலிருந்து எதிரொலி வந்ததோ அதே இடத்தில் தெரிய வேண்டும் என்பது திட்டம். மைக்கேல் பஜுரா, ஹென்றி ஃபுக்ஸ், ரியுதாரோ ஓபுச்சி என்ற மூவரும் அதைச் செய்துகாட்டினார்கள்.

படம் வந்தது. ஆனால் வயிற்றுக்குள் இருப்பதாகக் கண்ணுக்குப் படவில்லை. தோலின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் போலத் தெரிந்தது. தோலால் மறைக்கப்படாத ஒன்று தோலுக்குப் பின்னால் எப்படி இருக்கும் என்று மூளை அடம்பிடித்தது. அதைச் சமாதானப்படுத்த அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். வயிற்றின் மேல் கணினியால் ஒரு பள்ளம் வரைந்தார்கள். சுவரும் ஆழமும் உள்ள பள்ளம். அதற்குள் ஸ்கேன் படத்தை வைத்த பிறகு, குழந்தை உள்ளே இருப்பதைக் கண் ஒப்புக்கொண்டது.

உண்மையான உடலின் மேல் கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டும் இந்த வித்தைக்கு ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர். தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். பெயர் பிறந்தது மருத்துவமனையில் அல்ல, போயிங் விமான நிறுவனத்தில். விமானத்துக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைப் பலகையில் வரிசைப்படுத்தும் தொழிலாளிக்கு, எந்த வயர் எங்கே போகவேண்டும் என்று கண்ணெதிரே காட்ட நினைத்த டாம் காடெலும் டேவிட் மைசெலும் அந்தச் சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார்கள். சேப்பல் ஹில் ஆய்வு வெளியான அதே 1992-இல் அவர்களுடைய கட்டுரையும் வெளியானது.

அறுவை அரங்கில் இதற்கு ஏன் இவ்வளவு தேவை வந்தது என்று புரிய, விரலில் தொடங்க வேண்டும். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யும் மருத்துவருக்கு விரல்தான் மிகப் பழைய கருவி. கல்லீரலை இரு கைகளுக்கு நடுவே ஏந்தி அழுத்தினால், மெத்தென்ற சதைக்குள் புதைந்திருக்கும் கட்டி கெட்டியாகத் தட்டுப்படும். கொழுப்பில் மறைந்த தமனி தன் துடிப்பால் காட்டிக்கொடுக்கும். பித்தநாளத்தில் சிக்கிய கல்லை விரலால் நெருடியே கண்டுபிடிப்பார்கள். நுண்துளை அறுவை சிகிச்சை வந்தபோது நோயாளிக்கு நிறையவே கிடைத்தது: சின்னத் தழும்பு, குறைந்த வலி, சீக்கிரம் வீடு திரும்புதல். அதற்கு விலையாகப் போனது அந்த விரல். துளை வழியே போகும் கருவி ஓர் அடிக்குக் குறையாத நீளம். அதன் நுனி எதைத் தொட்டாலும் பிடியில் மங்கிய ஓர் உணர்வுதான் மிஞ்சும். விரல் அறிந்ததைக் கண்ணுக்காவது திருப்பித் தர முடியுமா என்ற தேடல்தான் மிகை மெய்ம்மையை அறுவை மேசை வரை இழுத்துவந்தது.

துளை வழியே பார்க்கும் ஆசை மின்விளக்கை விடப் பழையது. ஜெர்மனியின் மைன்ஸில் 1773-இல் பிறந்த ஃபிலிப் பொட்சினி என்ற இளம் மருத்துவர், 1806 வாக்கில் 'லிஷ்ட்லைட்டர்' என்ற கருவியைச் செய்தார். ஒளிகடத்தி என்று பொருள். பூச்சாடி போன்ற ஒரு தகரக் கூடு, உள்ளே ஒரு மெழுகுவர்த்தி, ஒளியைத் திருப்பிவிட ஒரு கண்ணாடி, முன்னால் ஒரு குழாய். வியன்னாவில் சடலங்களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் அங்கிருந்த மருத்துவப் புலம் அதை ஆதரிக்கவில்லை. பொட்சினி 1809-இல் டைஃபஸ் காய்ச்சலில் இறந்தபோது வயது 35. அவருடைய கருவி மட்டும் வியன்னாவில் தங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிகாகோ வரை பயணப்பட்டு, மறுபடி வியன்னாவுக்கே வந்துசேர்ந்தது. ஒரு மெழுகுவர்த்தியின் ஒளியை உடலுக்குள் அனுப்பலாம் என்று நினைத்த மனிதருக்கு அவர் காலத்தில் கிடைக்காத மரியாதை, அந்தத் தகரக் கூட்டுக்காவது கிடைத்தது.

அடுத்த படி எடுத்தவர் டிரெஸ்டனைச் சேர்ந்த ஜியார்க் கெல்லிங். அவர் தேடியது வேறொன்று. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால், கத்தி வைக்காமல் காற்றை ஏற்றி அந்த அழுத்தத்தாலேயே அதை நிறுத்த முடியுமா என்று பார்த்தார். காற்று ஏற்றினால் உள்ளே என்ன ஆகிறது என்று அறிய, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஒரு நாயின் வயிற்றுக்குள் செருகினார். 1901 செப்டம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில் எல்லோர் முன்னிலையிலும் அதைச் செய்துகாட்டினார். ஒன்பது ஆண்டு கழித்து ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபேயஸ் மனிதர்களிடம் செய்த சோதனைகளை வெளியிட்டார். கெல்லிங் ஏற்றிய காற்று இன்றும் லேப்ராஸ்கோப்பி எனப்படும் வயிற்று நுண்துளை அறுவையில் இருக்கிறது. இப்போது அது கரியமிலவாயு. தீப்பற்றாது, ரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சில் வெளியேறும். வயிற்றுச் சுவரைக் கூடாரம் போலத் தூக்கி நிறுத்தும் அந்த வாயு இந்தக் கதையில் பின்னால் பெரிய தொல்லையாக வரும்.

பார்ப்பது வேறு, அறுப்பது வேறு. 1980 செப்டம்பரில் ஜெர்மனியின் கீல் நகரில், மகப்பேறு மருத்துவர் குர்ட் செம் துளை வழியாகவே குடல்வாலை வெட்டி எடுத்தார். கருவி செய்யும் தொழிலும் கைவந்தவர் அவர். வயிற்றுக்குள் வாயுவைத் தானாகவே அளந்து ஏற்றும் இயந்திரத்தை அவரே வடிவமைத்திருந்தார். பாராட்டுக்குப் பதில் கிடைத்தது எதிர்ப்பு. குடல்வால் பொது அறுவை மருத்துவர்களின் எல்லை, பெண் நோய் மருத்துவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். அவரைப் பணியிலிருந்து நிறுத்தக் கோரிக் கடிதம் போனது.

செம்மின் வேலையைப் பார்த்து உந்தப்பட்டவர் பேப்லிங்கன் நகரின் எரிஷ் மூஹே. 1985 செப்டம்பர் 12-இல், தானே வடிவமைத்த 'கேலோஸ்கோப்' வழியாக ஒரு பித்தப்பையை அகற்றினார். உலகில் அதுவே முதல் முறை. மறு ஆண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் அவர் அதை விவரித்தபோது, 'மிக்கி மவுஸ் அறுவை' என்று கேலி பேசினார்கள். பெரிய மருத்துவர் என்றால் பெரிய கீறல் என்று நம்பிய தலைமுறை அது. பிறகு அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு நோயாளி இறந்துபோக, மூஹே நீதிமன்றப் படி ஏறினார். குற்றவாளி என்று தீர்ப்பானது. 1990-இல் அந்தக் களங்கம் நீங்கியபோது, பிரான்சில் லியோனின் ஃபிலிப் மூரேயும் பாரிஸின் ஃபிரான்சுவா துபுவாவும் செய்த பித்தப்பை ஆபரேஷன்களால் உலகம் முழுக்க அதே முறை பரவிக்கொண்டிருந்தது. 1992-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கம் அவருக்கு விருது கொடுத்தது. கேலிக்கும் விருதுக்கும் நடுவே ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளை அந்த மனிதர் எப்படிக் கடந்திருப்பார் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இந்தியாவுக்கு இது வர அதிக நாள் ஆகவில்லை. 1990-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹெம்டன் உத்வாடியா நாட்டின் முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார். 1990-களின் தொடக்கத்திலேயே கோவையில் சி. பழனிவேலு அந்த வழியில் இறங்கினார். மருத்துவர்கள் நுண்துளை அறுவை என்று எழுதினாலும், நம் ஊர்ப் பேச்சில் அது 'ஓட்டை போட்டுச் செய்யற ஆபரேஷன்' ஆகிவிட்டது.

இதற்கிடையே சத்தமில்லாமல் இன்னொன்று மாறியிருந்தது. செம் காலத்தில் மருத்துவர் குனிந்து, ஒரு கண்ணைக் குழாயின் கண்ணாடியில் பதித்து வேலை செய்தார். ஒரு கை குழாயைப் பிடிக்க, மிஞ்சிய ஒரு கைதான் வேலைக்கு. உள்ளே நடப்பது பக்கத்திலிருக்கும் உதவியாளருக்குத் தெரியாது. 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் கேம்ரன் நெஜாத் போன்றவர்கள் குழாயின் முனையில் வீடியோ கேமராவைப் பொருத்தி, நிமிர்ந்து நின்று திரையைப் பார்த்து ஆபரேஷன் செய்யத் தொடங்கினார்கள். கேமராவை உதவியாளர் பிடித்தார். மருத்துவரின் இரண்டு கைகளும் விடுதலையாயின. அறையிலிருந்த எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். இதில் இன்னொரு விஷயமும் நடந்தது. கை நோயாளியின் வயிற்றில், கண் சுவரோரத் திரையில். மருத்துவர் பார்ப்பது இனி உடலை அல்ல, உடலின் படத்தை. படம் என்று ஆகிவிட்டால் அதன் மேல் இன்னொரு படத்தை வரையலாம்.

வரைய வேண்டிய அவசியமும் சீக்கிரமே தெரிந்தது. பித்தப்பை ஆபரேஷன் நுண்துளைக்கு மாறிய ஆரம்ப ஆண்டுகளில், தவறுதலாகப் பித்தநாளத்தை வெட்டிவிடும் விபத்துகள் கூடின. பித்தப்பையிலிருந்து வரும் சிறு குழாயை வெட்ட வேண்டும். அதையும் கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய நாளத்தையும் கண் மாற்றி எடுத்துக்கொண்டால் நோயாளியின் வாழ்க்கையே புரண்டுவிடும். சான் ஃபிரான்சிஸ்கோவின் லாரன்ஸ் வே குழுவினர் இப்படிப்பட்ட 252 விபத்துகளை ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். 97 விழுக்காடு விபத்துகளின் அடிப்படைக் காரணம் கைத்திறன் குறைவல்ல, பார்வை மயக்கம். மருத்துவர் தான் பார்ப்பது சிறு குழாய்தான் என்று முழு மனதோடு நம்பி வெட்டியிருக்கிறார். திறந்த வயிற்றில் விரல் சந்தேகத்தை எழுப்பியிருக்கக்கூடிய இடத்தில், தட்டையான திரை எதையும் எழுப்பவில்லை. தொழில்நுட்பம் எதுவும் இல்லாமலேயே இதற்கு ஒரு நல்ல மருந்தும் கிடைத்தது. ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-இல் வகுத்த விதி அது: பித்தப்பைக்குள் நுழைவது இரண்டே இரண்டு குழாய்கள் என்று சுற்றிலும் சுத்தப்படுத்திக் கண்ணால் உறுதிசெய்யும் வரை எதையும் வெட்டாதே.

பார்வைக்குத் துணையாகக் கணினிப் படத்தை முதலில் கொண்டுவந்தவர்கள் மூளை அறுவை மருத்துவர்கள். அமெரிக்காவின் டார்ட்மத்தில் டேவிட் ராபர்ட்ஸ் குழுவினர் 1986-இல், சி.டி. ஸ்கேனில் தெரிந்த கட்டியின் விளிம்பை அறுவை நுண்ணோக்கிக்குள்ளேயே காட்டினார்கள். நுண்ணோக்கி எங்கே இருக்கிறது என்று கணினி அறிய, சிறு மின்பொறிகள் எழுப்பும் ஒலியை மைக்குகள் கேட்டுத் தூரம் கணித்தன. மண்டை ஓடு அசையாது, அளவு மாறாது. அந்தக் கணக்கு அங்கே பொருந்தியது அதனால்தான். எலும்புக்கு இது எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பதற்கு 2020 ஜூனில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்த முதுகெலும்பு ஆபரேஷன் சாட்சி. மருத்துவர் அணிந்த கண்ணாடியிலேயே முதுகெலும்பின் உள்வடிவம் தெரிய, அதைப் பார்த்துத் திருகுகளை இறக்கினார்கள்.

வயிறு வேறு உலகம். 1998-இல் ஃபுக்ஸும் அவருடைய குழுவும் லேப்ராஸ்கோப்பிக்கென்றே ஒரு மிகை மெய்ம்மைக் கருவியின் மாதிரியை வெளியிட்டார்கள். உள்ளே கோடுகோடாக ஒளியைப் பாய்ச்சி, அந்தக் கோடுகள் வளைவதை வைத்து உறுப்பின் மேடுபள்ளத்தை அளக்கும் முயற்சி அது. தட்டைத் திரையில் தொலைந்த ஆழத்தை மீட்க வேண்டும் என்ற அவர்களுடைய அக்கறை, 1992-இல் வரைந்த அந்தப் பள்ளத்தின் தொடர்ச்சி.

நோயாளியிடம் இதைச் செய்த முன்னோடிகளில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் இர்காட் நிறுவனம் முக்கியமானது. ஜாக் மாரெஸ்கோ 1994-இல் நிறுவிய இடம். 2001-இல் நியூயார்க்கில் உட்கார்ந்தபடி, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை ரோபோ வழியாக அகற்றியவர் அவர். 2004-இல் அவரும் லுக் சோலே உள்ளிட்ட குழுவினரும், மிகை மெய்ம்மையின் துணையோடு செய்த அட்ரீனல் சுரப்பி ஆபரேஷனை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் பதிவுசெய்தார்கள். சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடும் சுரப்பி அது. ஸ்கேனிலிருந்து அந்தக் குழாய்களை முப்பரிமாணத்தில் வடித்து, நேரடி வீடியோவின் மேல் ஒளி ஊடுருவும் நிறங்களில் காட்டினார்கள். கொழுப்புக்குப் பின்னால் நரம்புபோல ஓடும் சிரை, கொழுப்பை விலக்கும் முன்பே திரையில் தெரிந்தது. கவனிக்க வேண்டியது, அந்தப் படத்தை வீடியோவோடு பொருத்தியது இயந்திரமல்ல. கணினி முன் உட்கார்ந்த ஒரு மனிதர், இரண்டையும் பார்த்துப் பார்த்துக் கையால் நகர்த்திப் பொருத்தினார்.

இந்தப் பொருத்துதலுக்கு மருத்துவப் பொறியாளர்கள் வைத்திருக்கும் சொல் ரிஜிஸ்ட்ரேஷன். அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய சொல். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒவ்வொரு நிறமும் தனித்தனியே தாளில் இறங்கும்போது, ஒன்று மயிரிழை விலகினாலும் காலண்டர் முருகனின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். 'ரிஜிஸ்டர் தப்பிடுச்சு' என்று மெஷினை நிறுத்துவார்கள். காலண்டரில் தாள் வீணாகும், அவ்வளவுதான். கல்லீரலில் விலகினால், சிரை இல்லாத இடத்தில் சிரை தெரியும், இருக்கும் இடம் வெறுமையாகத் தெரியும்.

வயிற்றில் ரிஜிஸ்டர் தப்புவதற்கு எத்தனையோ காரணங்கள். நோயாளி ஸ்கேன் எடுக்கும்போது மல்லாந்து படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அறுவை மேசையில் அவரைச் சாய்த்து, கெல்லிங் வழியில் வாயு ஏற்றி, 12 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்தில் வயிற்றைத் தூக்கியிருக்கிறார்கள். ஒன்றரைக் கிலோ எடையுள்ள மெத்தென்ற கல்லீரல் அந்த அழுத்தத்தில் தட்டையாகி நகர்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் போகிறது. மருத்துவர் அதைப் பிடித்தாலோ இழுத்தாலோ வடிவம் மாறுகிறது. வெட்டத் தொடங்கிவிட்டால் ஸ்கேனில் இருந்த கல்லீரலே இனி இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையின் மூளை முழுவதும் செலவாவது இந்த ஒரு முடிச்சில்தான்.

பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரானில் அட்ரியன் பார்டோலி தலைமையிலான கணினிப் பார்வை ஆய்வாளர்களும், நிகோலா பூர்டெல் முதலான பெண் நோய் மருத்துவர்களும் இந்த முடிச்சை வேறு முனையிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உறுப்பு கருப்பை. கல்லீரல் போல அது குழைந்து வடிவம் மாறாது, ஓரளவு கெட்டியாக முழுசாகவே அசையும். அதன் தசைச் சுவருக்குள் ஃபைப்ராய்டு கட்டி புதைந்திருந்தால் வெளியிலிருந்து பார்க்கத் தெரியாது, கருவி நுனியால் தடவியும் தெளிவாக அறிய முடியாது. அவர்கள் முறை இப்படி: ஆபரேஷனின் தொடக்கத்தில் கேமராவைக் கருப்பையைச் சுற்றி நகர்த்திப் பல கோணங்களில் படம் பிடிப்பது. அந்தப் படங்களிலிருந்து கருப்பையின் வெளித்தோற்றத்தை முப்பரிமாணத்தில் கணினி கட்டியெழுப்பும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கிடைத்த வடிவத்தை அதற்குள் பொருத்துவார்கள். அதன்பின் கருப்பை எப்படி அசைந்தாலும், அதன் மேற்பரப்பிலுள்ள நுண்புள்ளிகளைக் கணினி பின்தொடர்ந்து படத்தையும் கூடவே நகர்த்தும். உடலில் ஊசியோ குறியோ எதையும் ஒட்டத் தேவையில்லை. 2017-இல் அவர்கள் வெளியிட்ட பதிவுகளில், இளஞ்சிவப்புக் கருப்பை கண்ணாடிபோல மாற, உள்ளே கட்டி உருண்டையாக மிதப்பதைப் பார்க்கலாம். முப்பது ஆண்டுக்கு முன் ஒரு விரல் அழுத்தித் தேடிய அதே உருண்டை.

கணினியே இல்லாமல் உடலே தன் படத்தை வரைந்து தரும் வழியும் உண்டு. இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைச் சிரையில் செலுத்தினால், கல்லீரல் அதை வடித்துப் பித்தத்தில் விடும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைப் பாய்ச்சினால் அந்தப் பித்தம் ஓடும் நாளங்கள் திரையில் பச்சையாக ஒளிரும். 1959 முதல் பழக்கத்தில் உள்ள சாயம்தான். டோக்கியோவில் டகேயாகி இஷிசாவா முதலியோர் அதைப் பித்தநாளத்தைக் கண்டறியும் வழியாக்கினார்கள். இதில் ரிஜிஸ்டர் தப்பவே தப்பாது. பழைய ஸ்கேனைக் கொண்டுவந்து ஒட்டவில்லை, இந்த நிமிடத்தின் உடலே ஒளிர்கிறது. ஆழத்தில் புதைந்ததை அந்த ஒளி காட்டாது, சில மில்லிமீட்டர் கீழே போனால் மங்கிவிடும். ஆனாலும் பித்தநாள விபத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு, வெட்டும் முன் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்ப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

எல்லாம் சரியாகப் பொருந்தினாலும் ஓர் ஆபத்து மிச்சம் இருக்கிறது. 2013-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், அறுவை மருத்துவர்களும் பயிற்சியாளர்களுமாக 32 பேரைச் சடலம் ஒன்றில் எண்டோஸ்கோப் வழியே குறிப்பிட்ட ஒரு புள்ளியைத் தேடச் சொன்னார்கள். 17 பேருக்கு வெறும் வீடியோ. 15 பேருக்கு மிகை மெய்ம்மைக் கோடுகளோடு வீடியோ. இலக்குக்குப் பக்கத்திலேயே, யாரும் எதிர்பாராத இரண்டை வைத்திருந்தார்கள்: தீவிரமான சிக்கல் ஒன்று, ஓர் உலோகத் திருகு. கோடுகளோடு பார்த்தவர்கள் இலக்கை மிகத் துல்லியமாக நெருங்கினார்கள். அவர்களின் விலகல் சுமார் 2 மில்லிமீட்டர், மற்றவர்களுடையது 4. ஆனால் இரண்டில் ஒன்றையாவது கவனித்தவர்கள் வெறும் வீடியோ பார்த்தவர்களில் பலர். கோடுகள் பார்த்தவர்களில் ஒரே ஒருவர். அந்தச் சிக்கலை அவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. கண் கோட்டின் மேல் போய்விட்டது. கோட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி உடல் என்ன சொல்கிறது என்பது காதில் ஏறவில்லை.

இதனாலும், வெட்டத் தொடங்கியதும் வடிவம் மாறிவிடுவதாலும், கல்லீரலில் இன்று இந்த உதவியைப் பெரும்பாலும் வெட்டுவதற்கு முந்தைய சில நிமிடங்களுக்கு வைத்துக்கொள்கிறார்கள். திரையில் கல்லீரல் கண்ணாடிபோலத் தெளிகிறது. உள்ளே கட்டி ஒரு நிறத்தில், அதைத் தொட்டுச் செல்லும் சிரைகள் இன்னொரு நிறத்தில். மருத்துவர் கட்டியிலிருந்து போதுமான தூரம் விட்டு, சூடாக்கிய கருவி நுனியால் கல்லீரலின் பளபளப்பான மேற்பரப்பில் புள்ளிபுள்ளியாகச் சுட்டு ஒரு கோடு போடுகிறார். தையல்காரர் துணியில் சாக்கட்டியால் குறிப்பதுபோல. ஒவ்வொரு புள்ளியிலும் சிறு புகை எழுந்து அடங்குகிறது. கோடு முழுசாக வந்ததும் நிறங்களை அணைக்கச் சொல்கிறார். கட்டி மறைகிறது, சிரைகள் மறைகின்றன. செம்பழுப்பு நிறக் கல்லீரலும் அதன் மேல் கருகிய புள்ளிகளும் மட்டும் திரையில். மூச்சோடு அது ஏறி இறங்குகிறது. முதல் புள்ளியில் கருவியை வைத்து வெட்டத் தொடங்குகிறார்.